பூட்டு யாருக்கு?

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

பூட்டு என்றவுடன் திருடனின் நினைவு வருவது இயல்பு. வீட்டைப் பூட்டுகிறோம், பெட்டியைப் பூட்டுகிறோம், தாம்பரம் ரயில் நிலையத்தில் நிறுத்திவிட்டு வரும் மிதிவண்டியைப் பூட்டுகிறோம். இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. சாவி உடையவனிடம் இருக்கும். திருடன் வெளியே நிற்பான். ஆனால், காசு கொடுத்து வாங்கிய பொருள் நம் வீட்டு அலமாரியிலும், அதன் சாவி விற்றவர் கையிலும் இருக்கும்படியான பூட்டை நீங்கள் கண்டதுண்டா? நம்மில் பலருடைய வீடுகளில் தூசி படிந்து கிடக்கும் டி.வி.டி. தட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். வானவில் போல மின்னும் அந்த முகத்துக்குள்தான் அத்தகைய பூட்டு இருக்கிறது. அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

"டி.வி.டி.யின் காலம் மலையேறிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?" என்று நண்பர்கள் கேட்கலாம். காலம் மலையேறிவிட்டது என்பதனால்தான் பேச வேண்டியிருக்கிறது. கடையில் புதிதாகக் கிடைக்கிற பொருள் உடைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இனிக் கிடைக்காத பொருள் உடைந்தால் என்ன செய்வது?

தாத்தாவின் ஆர்மோனியம்

என் தாத்தா தாம்பரத்தில் ரயில்வே ஊழியராக இருந்தவர். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். எத்தனை வேலை இருந்தாலும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய், விடிய விடிய மேடையில் அமர்ந்து ஆர்மோனியம் வாசித்துவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. 2006ஆம் ஆண்டு நாடகத்தைச் சிறு நிறுவனம் ஒன்று படம் பிடித்து, மறு ஆண்டு டி.வி.டி.யாக விற்றது. தாத்தா இரண்டு தட்டுகள் வாங்கினார். ஒன்று முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு. மற்றொன்று குரோம்பேட்டையில் இருக்கும் அத்தைக்கு. 2011இல் தாத்தா காலமானார். அவர் விரல்கள் கட்டைகளின் மீது ஓடுவதைக் காட்டும் படம் அந்தத் தட்டைத் தவிர எங்களிடம் வேறு இல்லை.

2015 டிசம்பர் முதல் தேதி இரவை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாறு கரை கடந்து முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. படகில் ஏறியது எனக்கு அன்று விளையாட்டாகவே இருந்தது. தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா முதலில் தேடியது ரேஷன் அட்டையையும் பத்திரத்தையும். அம்மா தேடியது அந்தத் தட்டை. சேற்றுக்குள்ளிருந்து எடுத்துக் கழுவினோம். ஓரத்தில் ஏடு பிரிந்து, உள்ளே சேறு புகுந்திருந்தது. அது பிறகு ஓடவே இல்லை.

எஞ்சியது அத்தை வீட்டுத் தட்டு. ஆண்டுதோறும் தாத்தாவின் திதியன்று அத்தை வீட்டில் கூடி அதைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் ஆண்டும் கீறல் கூடிக்கொண்டே போயிற்று. சென்ற ஆண்டு, நாரதர் வருகைக்கு முன் தாத்தா ஆர்மோனியத்தைத் தொடங்கும் இடத்தில் படம் நின்று நின்று ஓடியது. "இதற்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுடா, நீதான் படித்தவனாயிற்றே" என்றார் அத்தை.

மேற்குத் தாம்பரத்தில் இன்னமும் டி.வி.டி. எழுதித் தரும் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் தட்டைக் கணினியில் போட்டார். நாடகம் ஓடியது. பிறகு கோப்புகளைக் கணினிக்கு மாற்றி, வெற்றுத் தட்டு ஒன்றில் எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் வள்ளியும் இல்லை, வேலனும் இல்லை. திரை முழுவதும் பச்சையும் சாம்பலுமாகக் கட்டங்கள் சிதறின. ஆர்மோனியத்துக்குப் பதில் கரகர என்ற இரைச்சல். "லாக் போட்டிருக்கு தம்பி. ஒரிஜினல் தட்டுன்னா அப்படித்தான்" என்று சொல்லி, எழுதிய தட்டுக்குக் காசு வாங்கவும் அவர் மறுத்துவிட்டார்.

அசலாக வாங்கியதால் நகல் எடுக்க முடியவில்லை! திருட்டுத் தட்டாக வாங்கியிருந்தால் எடுத்திருக்கலாம்! இந்த முரண்பாடு என் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் துறைப் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் சொல்லியதும், நான் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்தே கீழே வருவன.

தட்டும் அதன் பூட்டும்

டி.வி.டி. என்பது 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட பாலிகார்பனேட் தட்டு. உண்மையில் இது ஒரு தட்டு அன்று, 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டி வைத்தது. (முடிச்சூர்த் தட்டின் ஓரம் பிரிந்ததன் காரணம் இதுவே.) உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு. அதன் மேல் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும் நுண்ணிய பள்ளங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வரிகள். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளி இவற்றின் மீது பட்டுத் திரும்பும்போது ஏற்படும் மாற்றத்தைக் கருவி சுழியமும் ஒன்றுமாகப் படிக்கிறது.

சிறு கீறல் விழுந்தால் தட்டு உடனே ஊமையாகிவிடுவதில்லை. எழுதும்போதே உபரியாகச் சில எண்களைச் சேர்த்து எழுதுகிறார்கள். சில எண்கள் அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அழிந்ததைக் கணக்கிட்டு விடலாம். எல்லை மீறிக் கீறல் விழுந்தால் மட்டுமே படம் நிற்கிறது. கவனியுங்கள்: தட்டு பழுதாகும் என்பது அதைச் செய்தவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

இனிப் பூட்டுக்கு வருவோம். டி.வி.டி. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோதே, படத்தைக் குலைத்துச் சங்கேதமாக எழுதும் முறை ஒன்றும் உடன் வந்தது. சி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். இதில் சாவிகள் மூன்று அடுக்காக இருக்கின்றன. படத்தின் துணுக்குகளைத் திறக்க ஒரு சாவி. அந்தச் சாவியைத் திறக்கத் தட்டுக்கென்று ஒரு சாவி. அதைத் திறக்க, கருவி செய்யும் நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தம் கருவிக்குள் வைத்திருக்கும் சாவி. நாம் தட்டைப் போட்டதும் கருவி இந்த மூன்றையும் வரிசையாகத் திறந்து படத்தைக் காட்டுகிறது. நமக்கு எதுவும் தெரிவதில்லை.

தந்திரம் எங்கே இருக்கிறது என்றால், தட்டின் சாவி எழுதப்பட்டிருக்கும் இடத்தில். அது படக் கோப்புகளோடு சேர்ந்து இருப்பதில்லை. தட்டின் உள்விளிம்பை ஒட்டிய முகப்புப் பகுதியில் தனியே இருக்கிறது. கோப்புகளை மட்டும் பெயர்த்தால் குலைந்த படம் வரும், சாவி வராது. சாவியையும் பெயர்க்கலாம் என்றால், நாம் கடையில் வாங்கும் வெற்றுத் தட்டில் அந்த இடத்தில் மட்டும் எழுத முடியாதபடி செய்தே விற்கிறார்கள். தாத்தாவின் ஆர்மோனியம் கரகரத்தது இதனால்தான். கதவைப் பெயர்த்துக்கொண்டு வந்தோம். சாவி பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது.

இது போதாதென்று உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து எண்களும் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூருக்கு 3, இந்தியாவுக்கு 5. வட்டார எண் இடப்பட்ட தட்டைச் சிங்கப்பூர் மாமா வாங்கி அனுப்பினால், காசு கொடுத்து வாங்கிய அசலேயானாலும் நம் கருவி அதை ஏற்க மறுக்கலாம். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

யாரைத் தடுத்தது?

"திருட்டைத் தடுக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். கட்டாயம் தடுக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு படத்தின் பின்னால் விளக்குப் பிடிப்பவரிலிருந்து தையற்காரர் வரை எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. திருட்டு வி.சி.டி. அந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றியது. தமிழக அரசு 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி வீடியோத் திருடர்களையும் அதில் சேர்த்ததென்றால், நோய் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்தத் திருடன் எப்படித் திருடினான்? படம் வெளியான நாளிலேயே திரையரங்குக்குள் காமிராவைக் கொண்டுபோய்த் திரையைப் படம் பிடித்தான். அன்று அந்தப் படத்துக்கு டி.வி.டி.யே பிறந்திருக்காது. பிறக்காத தட்டின் பூட்டு அவனை எப்படித் தடுக்கும்? அவன் விற்ற வி.சி.டி.க்கோ இத்தகைய சங்கேதப் பூட்டே கிடையாது. ஆலை வைத்து ஆயிரக்கணக்கில் அச்சிடும் பெரிய திருடனையும் இது தடுக்காது. அவன் வெற்றுத் தட்டில் எழுதுவதில்லை, அச்சிலிருந்தே வார்க்கிறான். முகப்புப் பகுதியும் சாவியும் அப்படியே வந்துவிடுகின்றன. ஆக, தெருக்கோடித் திருடனும் தப்பினான். ஆலைத் திருடனும் தப்பினான். பூட்டின் முன் கைகட்டி நின்றவர் என் அத்தை.

திருட்டை உண்மையில் சற்றேனும் அசைத்தது எது? 2007இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. திருட்டுத் தட்டின் விலைக்கே நல்ல தட்டு கிடைக்குமானால் எவன் மங்கலான படத்தை வாங்குவான்? 2015இல் இயக்குநர் சேரன் தம் படத்தை டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒன்றை நடத்திப் பார்த்தார். இவை வென்றனவா தோற்றனவா என்பது வேறு வழக்கு. மோசர் பேயர் நிறுவனமே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆயினும் வாங்குபவரை நம்பிச் செய்த முயற்சிகள் இவை. பூட்டு வாங்குபவரைச் சந்தேகித்துச் செய்த முயற்சி.

பூட்டுகளின் கதி

இத்தனை அரண் கட்டிய சி.எஸ்.எஸ். எத்தனை நாள் நின்றது? 1999 அக்டோபர் வரைதான். அதன் சாவி 40 இருமக் குறிகள் நீளமே கொண்டது. ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி சாவிகள் சாத்தியம் என்றாலும், கணினிக்கு அது பெரிய எண் அன்று. அமைப்பிலிருந்த குறைகளோ அந்த வேலையையும் சுருக்கிவிட்டன. பூட்டைத் திறக்கும் மென்பொருள் வெளிவந்தபோது, அதில் பங்கு கொண்ட நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சன் நம்மில் பலரைவிட இளையவர், பள்ளிச் சிறுவர். அவர் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விடுவித்தது. தான் விலைக்கு வாங்கிய தட்டைத் தான் பார்ப்பது குற்றமாகாது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

இசைத்தட்டு நிறுவனங்களின் கதை இதைவிட வேடிக்கை. கணினியில் நகல் எடுக்க முடியாதபடி சில குறுந்தட்டுகளின் விளிம்புப் பகுதியில் பொய்யான தடம் ஒன்றை எழுதினார்கள். 2002இல் சாதாரண மார்க்கர் பேனாவால் அந்த விளிம்பில் கறுப்புக் கோடு போட்டு அதைத் தோற்கடித்துவிட்டார்கள்! வேடிக்கை வினையானதும் உண்டு. 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட சில இசைத் தட்டுகளைக் கணினியில் போட்டவுடன், நகல் எடுப்பதைக் கண்காணிக்கும் நிரல் ஒன்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டது. மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அந்த ஒளிவிடத்தைப் பிற தீய நிரல்களும் பயன்படுத்தத் தலைப்பட்டன. நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரன் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை!

எனினும் இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. கணினி விளையாட்டுத் தட்டுகளுக்குச் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டை ஏற்கவில்லை. பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதற்கான நிரலையே நீக்கிவிட்டார்கள். விளைவு, முறையாக வாங்கியவரின் தட்டு புதிய கணினியில் ஊமையாயிற்று. கள்ளச் சாவி போட்டவனின் விளையாட்டோ ஓடிக்கொண்டிருந்தது. பூட்டுப் போட்டவர் போய்விடுவார். சாவி செய்தவர் போய்விடுவார். பூட்டு மட்டும் நிற்கும். தாத்தாவின் நாடகத்தை வெளியிட்ட நிறுவனமும் இன்று இல்லை. தட்டின் உறையிலிருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசிப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது. சாவியை யாரிடம் போய்க் கேட்பது?

சட்டம் சொல்வது

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆயினும் படித்த அளவில் நம் நாட்டுச் சட்டம் பூட்டைவிட அறிவுள்ளதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. அப்போது சேர்ந்த 65ஏ பிரிவின்படி, காப்புப் பூட்டை மீறுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் எப்போது? உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால். அந்த 'நோக்கம்' என்ற ஒரு சொல்லில்தான் திருடனுக்கும் என் அத்தைக்கும் உள்ள வேறுபாடு அடங்கியிருக்கிறது. அமெரிக்கா 1998இல் இயற்றிய சட்டம் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. அங்கே பூட்டைத் திறப்பதே பொதுவாகக் குற்றம். விதிவிலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை கேட்டுப் பெற வேண்டும்.

நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள இடம் தருகிறது. கணினி நிரலாயின், இழப்பு, அழிவு, பழுது இவற்றுக்கு எதிரான காப்பாக நகல் எடுக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நாடகத் தட்டுக்கு அத்தனை வெளிப்படையான வாசகம் இல்லை. ஏன் இருக்கக்கூடாது? நிரலுக்கு வரும் வெள்ளம் நாடகத்துக்கு வராதா?

நூலகத்துக்கு வருவோம். இலாப நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் எண்முறை அல்லாத பிரதி ஒன்று இருந்தால், பாதுகாப்புக்காக அந்தப் படைப்பை மின்னணு முறையில் சேமித்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். ஆனால் டி.வி.டி. பிறக்கும்போதே எண்முறை ஆயிற்றே! காகித நூலைக் காக்க வழி செய்த வாசகம், தட்டை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. காகிதம் நூறாண்டு தாங்கும். தட்டின் கதியை முடிச்சூரில் பார்த்தோம்.

இன்னொன்று. தடை செய்யப்படாத காரியத்துக்காகப் பிறருக்குப் பூட்டைத் திறந்து கொடுத்து உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்கிறது 65ஏ பிரிவு. தாம்பரத்தில் எந்த நகலகத்தில் அப்படி ஒரு பதிவேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்? சட்டம் கதவைச் சிறிது திறந்து வைத்திருக்கிறது. உள்ளே போக வேண்டியவர்களுக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது. சட்டத்துக்கு நோக்கம் தெரிகிறது, பூட்டுக்குத் தெரியாது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது நம் நினைவு.

பெயர்த்தெழுதியவர்களின் வழி

நகல் எடுப்பது ஏதோ களவுத் தொழில் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தமிழன் அப்படி எண்ணலாமா? பனையோலை சில நூறாண்டுகளில் செல்லரித்துப் போகும். அதற்குள் ஒருவர் அமர்ந்து அதைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியாக வேண்டும். சங்க நூல்கள் அப்படித்தான் கைமாறிக் கைமாறி வந்தன. எவரும் பெயர்த்தெழுதாத நூல் செத்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து, கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினார். ஒரு பிரதியில் சிதைந்த வரியை இன்னொரு பிரதி காட்டிற்று. அந்த ஓலைகளுக்குச் சி.எஸ்.எஸ். பூட்டு இருந்திருந்தால், நம் தமிழ்த் துறையில் பாடம் நடத்த என்ன மிஞ்சியிருக்கும்?

நகல் இல்லாததால் இழந்ததும் நமக்குத் தெரியும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. அந்தத் தீயின் பாடத்தைப் படித்தவர்கள்தாம் 2005 முதல் நூலகம் என்ற பெயரில் ஈழத்து எழுத்துகளை மின்வடிவாக்கிச் சேர்த்து வருகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுதும் சேர்த்த நூல்களையும் நாடக நோட்டீசுகளையும் கொண்டு 1994இல் தொடங்கிய நூலகம் அது. அங்கே நுண்படமாகவும் மின்வடிவாகவும் நகல் எடுப்பதே பாதுகாக்கும் பணி. தரமணியில் தொண்டாக இருப்பது தாம்பரத்தில் குற்றமாகத் தோன்றலாமா?

நாம் செய்ய வேண்டுவது

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்குத் தோன்றும் மூன்று யோசனைகளையும் வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரி நூலகத்தின் அலமாரியில் பாடத் தட்டுகளும் நிகழ்ச்சித் தட்டுகளும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் எவை இன்னும் ஓடுகின்றன என்று இந்த ஆண்டே ஒரு பட்டியல் எடுப்போம். நம் ஆண்டு விழாக்களின் பதிவுகளுக்குப் பூட்டு எதுவும் இல்லை. அவற்றையாவது உடனே வேறிடத்தில் நகலெடுத்து வைக்கலாம். வீட்டில் எழுதிய தட்டுகள் ஆலைத் தட்டுகளைவிட விரைவில் கெடும். அவற்றின் உட்பூச்சு சாயத்தால் ஆனது. நம் கடலோர ஈரமும் வெயிலும் அதற்கு ஆகாதவை.

இரண்டாவது, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் தம் நூலின் பிரதியைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். அதுபோலத் தட்டாக வெளியிடுபவர் பூட்டில்லாத பிரதி ஒன்றை நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் வரட்டும். அவர் வாணிபம் நடக்கும் வரை அது பெட்டிக்குள் இருக்கட்டும். அவர் கடையை மூடிய பிறகு நாடகமும் சேர்ந்து மூடப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, விலைக்கு வாங்கிய தட்டுக்குக் காப்பாக ஒரு நகல் எடுப்பது குற்றமன்று என்பதைக் கணினி நிரலுக்குச் சொன்னதுபோல வெளிப்படையாகச் சொல்லட்டும். விற்பதற்கு எடுப்பவனைத் தண்டிக்கட்டும். நான் முதல் சாட்சியாக வருகிறேன்.

இன்று படங்கள் தட்டிலும் இல்லாமல் கைப்பேசிக்குள் ஓடி மறைகின்றன. மாதச் சந்தா நின்றால் எல்லாம் நின்றுவிடும். தட்டுக்குள் இருந்த பூட்டு இப்போது ஊருக்கே போடப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். ஆகவே இது பழைய பொருளைப் பற்றிய புலம்பல் அன்று. வரப்போகிற தலைமுறையின் கேள்வி.

முடிக்குமுன் ஓர் ஒப்புதல். இந்த ஆண்டுத் திதியன்று அத்தை வீட்டில் விளக்கை அணைத்து, சன்னலைச் சாத்தி, ஓடுகிற தொலைக்காட்சிக்கு எதிரே நாற்காலியில் கைப்பேசியை நிறுத்தித் தாத்தாவின் நாடகத்தைப் படம் பிடித்தேன். இரண்டு இடங்களில் அத்தையின் இருமல் கேட்கிறது. ஓரிடத்தில் குக்கர் விசில். படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஆர்மோனியம் மட்டும் கேட்கிறது. திரையரங்கில் திருடன் செய்த அதே வேலையை, விலை கொடுத்து வாங்கிய வீட்டில் நான் செய்தேன். நல்ல நகலைத் தடுத்த பூட்டு இந்த மங்கல் நகலைத் தடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பூட்டு யாருக்காக? நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, சிந்தியுங்கள். உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த மழைக்கு முன் பாருங்கள்.